கொழும்பில் பழகிய காலும் ரொறன்ரோவின் பனியும்

கொழும்பின் காலி வீதியில் சில ஆண்டுகள் கார் ஓட்டியவருக்கு, இனி எந்த நாட்டிலும் ஓட்டலாம் என்றொரு துணிவு வந்துவிடுகிறது. இடப்பக்கத்தால் நுழையும் முச்சக்கர வண்டிக்கும், சைகை எதுவுமின்றி நடுவீதியில் நின்றுவிடும் தனியார் பஸ்ஸுக்கும் நொடிப்பொழுதில் பிறேக்கை மிதித்தோ ஸ்டியரிங்கை வெட்டியோ தப்பிப் பழகியவர் அவர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீண்ட காலம் இருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியவன் என்பதால், கனடாவுக்குப் புறப்படும் இளையவர்கள் அங்குள்ள குளிர்காலத்தில் வாகனம் ஓட்டுவது பற்றி என்னிடம் கேட்பதுண்டு. கொழும்பில் எங்களைக் காப்பாற்றுகிற அந்த வேகமான கால்தான் பனியில் ஆபத்து என்பதையே நான் முதலில் சொல்வேன்.

காரணம் எளிய கணக்குத்தான். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார் வீதியில் பிறேக் பிடித்த பின் ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடும். வழவழப்பான பனிக்கட்டியின் மேல் அதே காருக்கு 100 மீற்றர் வரை தேவைப்படலாம். ஆகவே முன்னால் செல்லும் வாகனத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் எங்கள் வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். உலர்ந்த வீதியில் மூன்று விநாடி இடைவெளி போதுமென்றால், பனிக்கட்டி படிந்த வீதியில் எட்டு, பத்து விநாடிகளாவது விட வேண்டும். கொழும்பில் அவ்வளவு இடம் விட்டால் நான்கு முச்சக்கர வண்டிகள் அதற்குள் வந்துவிடும் என்பது உண்மைதான், அங்கே வருவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் பனியைவிடத் தெரியாததே பொல்லாதது. ஈரமான தார் போலத் தோன்றும் இடத்தில், அடியிலுள்ள கருமை ஊடே தெரியும்படி கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். பாலங்களின் மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால், மற்ற வீதி ஈரமாக இருக்கும்போதே அவை உறைந்துவிடுகின்றன. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்களில், பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் வழுக்கல் இன்னும் அதிகம். கடுங்குளிர் நாள்தான் மோசமானது என்று எங்களவர் நினைப்பது இதனால் முழுச் சரியல்ல. எனினும் ஏறத்தாழ மறை 10 பாகைக்குக் கீழே, வீதியில் தூவும் சாதாரண உப்பு பனியை உருக்கும் வலுவைப் பெரிதும் இழந்துவிடும்.

ரயர் விடயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால ரயரின் இறப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். மலைச் சிகரமும் பனித்துகளும் சேர்ந்த குறி ரயரின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டக் கட்டாயம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படியில்லை, ஆனால் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு. காசை மிச்சம்பிடிக்க முன்னிரண்டு சக்கரங்களுக்கு மட்டும் பூட்டினால், திருப்பத்தில் காரின் பின்பக்கம் இழுபட்டுச் சுழலும். நான்குக்கும் பூட்டியே ஆக வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் இருந்தால் பயமில்லை என்ற பேச்சும் இங்கே உண்டு. அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

புறப்படுமுன் கண்ணாடியில் பார்க்கத் துவாரம் மட்டும் சுரண்டிவிட்டு ஓடாமல், கூரை, விளக்குகள் உட்பட எல்லாப் பனியையும் தட்டிவிட வேண்டும். கூரைப் பனி பிறேக் பிடிக்கும்போது சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும்.

வழுக்கினால் அக்ஸலேற்றரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். பார்வை மதிலில் நின்றால் கையும் அங்கேதான் திருப்பும். பிறேக் பிடிக்கையில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அவசரத்துக்கு நிறுத்த நேர்ந்தால் பிறேக்கை மிதித்து மிதித்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது காலின் கீழ் பெடல் அதிரும். பலர் பயந்து காலை எடுப்பது அந்த இடத்தில்தான். முதல் பனி விழுந்ததும், அனுமதி பெற்ற வெறுமையான வாகனத் தரிப்பிடமொன்றில் மிகக் குறைந்த வேகத்தில் இதைச் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் தெரிந்தவர்களும் உறைமழை, அதாவது வீதியில் விழுந்ததும் பனிக்கட்டியாகும் மழை, பற்றிய எச்சரிக்கை உள்ள நாளில் வண்டியை எடுப்பது பெரும்பாலும் வேலைக்காக அல்ல, கல்யாண வீட்டுக்காக. போகாவிட்டால் சொந்தக்காரர் மனம் நோவார்கள் என்று 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருங்கள். அன்றைக்கு மண்டபத்தில் பாதிக் கதிரை எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.