தொடாமல் அளக்கிற லெவல்

பில்லட் காஸ்டரில், அதாவது உருகிய எஃகை நீளமான கட்டைகளாக வார்க்கும் மெஷினில், இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்த காலத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, அச்சுக்குள் எஃகின் மட்டத்தை அளக்கும் மோல்டு லெவல் கருவிதான். 1500 டிகிரிக்கு மேல் சூடான எஃகு, சுற்றிலும் தண்ணீர் ஓடும் செப்பு மோல்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மட்டம் ஏறினால் வழிந்துவிடும், இறங்கினால் மேல்தோல் கெட்டிப்பட நேரம் போதாமல் மோல்டுக்குக் கீழே கிழித்துக்கொண்டு கொட்டிவிடும். பிரேக்அவுட் என்போம். அந்தச் சூட்டில் எந்த சென்சாரை முக்கினாலும் அதிக நேரம் தாங்காது, அதனால் தொடாமல்தான் அளந்தாக வேண்டும்.

எங்களிடம் இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து அளக்கும் கருவி. மோல்டுக்கு ஒரு பக்கம் கதிரை வெளிவிடும் கோபால்ட், எதிர்ப்பக்கம் வந்துசேரும் கதிரை எண்ணும் டிடெக்டர். எஃகு ஏற ஏற கதிரை மறைக்கும், டிடெக்டரில் எண்ணிக்கை குறையும், அதை லெவலாக மாற்றிக் காட்டும். அதாவது கருவி எஃகைப் பார்ப்பதே இல்லை, வந்து சேராத கதிரைத்தான் பார்க்கிறது. எஃகை மூடி வைக்க அதன் மேலே போடும் பவுடர் தடித்துப்போனால் அதுவும் கொஞ்சம் மறைக்கும்.

கோபால்ட் தானாகவே தேயும், 5.27 வருஷத்தில் பாதியாகிவிடும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம். அந்தத் தேய்மானத்தை எலக்ட்ரானிக் கார்டே ஈடுகட்டிக்கொள்ளும். ஒருமுறை கார்டு பழுதாகிப் புதுசு போட்டபோது, அதன் செட்டிங்கில் ஐசோடோப் (எந்தக் கதிரியக்கப் பொருள்) என்ற இடத்தில் சீசியம்-137 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருஷம், கார்டு அந்தக் கணக்கில்தான் ஈடுகட்டியது. அப்புறம் ஆறு மாதம் திரையில் லெவல் கோடு போட்ட மாதிரி நின்றது. ஆனால் கதிர் தேய்ந்ததை எஃகு ஏறியதாகக் கருவி எடுத்துக்கொண்டதால், கன்ட்ரோலர் உண்மையான மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

கண்டுபிடித்தது மோல்டு ஆபரேட்டர். "லெவல் கீழ நிக்குது சார்" என்றார். "ட்ரெண்ட் சரியாத்தானே இருக்கு அண்ணே" என்றேன். அவர் பேசாமல் ஒரு இரும்புக் கம்பியையும் ஒரு செப்புக் கம்பியையும் சேர்த்துப் பிடித்து, நேராக மோல்டுக்குள் இறக்கி, இரண்டு மூன்று நொடியில் தூக்கினார். செப்பு, உருகிய பவுடரிலேயே கரைந்துவிடும், இரும்பு எஃகின் மட்டம் வரை நிற்கும், அதனால் பவுடரின் ஆழம், எஃகின் மட்டம் இரண்டும் ஒரே முக்கலில் தெரிந்துவிடும். ஸ்கேலை வைத்துப் பார்த்தார், முனை இன்னும் சிவந்தே இருந்தது. 8 மில்லிமீட்டர் கீழே.

நான் கார்டின் செட்டிங்கைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. அந்த ஆறு மாதமும் பிரேக்அவுட் ஆகாமல் போனது என் திறமையால் இல்லை. அந்த மோல்டுக்குக் கீழேயும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

அதற்கப்புறம் கார்டு மாற்றினாலும் காலிபரேஷன் செய்தாலும் முதல் ஹீட்டில், அதாவது அடுத்து வரும் முதல் எஃகுத் தொகுதியை வார்க்கும்போது, நான் மேலே ஏறிவிடுவேன். அண்ணன் கம்பியை முக்குவார், நான் ஸ்கேலைப் பிடிப்பேன், இரண்டு எண்ணையும், கருவி காட்டியதையும் கம்பி காட்டியதையும், லாக் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் கீழே இறங்குவோம்.