மார்கழிக்கு முன்னால் முடிக்க வேண்டிய கருத்தடை வேலை: மாமல்லபுரம் நாய்களும் பூனைகளும்

மாமல்லபுரத்தில் கூட்டம் சேரும் மாதமும் நாய்கள் இணை சேரும் மாதமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா, பள்ளி விடுமுறை, வெளிநாட்டுப் பயணிகள். அதே நாட்களில் ஒத்தவாடைத் தெருவில் ஒரு பெட்டைக்குப் பின்னால் ஆறேழு ஆண் நாய்கள் சுற்றும். 'மார்கழி மாசத்து நாய்' என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே தெரியாமல் நடந்து போகிறவருக்குக் கடி விழும் ஆபத்து அதிகம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள் என்பதால் மார்கழியில் சேர்ந்தால் மாசி, பங்குனியில் குட்டி. அதற்குள் பயணிகள் குறைந்து, உணவகங்களின் மிச்சமும் குறைந்திருக்கும். பால் வற்றிய தாயும் ரோட்டில் அலையும் குட்டிகளும் கண்ணில் படும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

அதனால் கருத்தடை வேலையை ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். பயணிகள் போடும் தீனி அப்போது குறைவு, பசித்த நாய் கைக்கு வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தையல் நனையும், சேற்றில் படுத்துச் சீழ் வைக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அறுவை ஆன ஆண் நாயின் உடலில் ஏற்கெனவே உள்ள விந்து சில வாரங்கள் வரை சினைப்படுத்தக்கூடும். கார்த்திகைக் கடைசியில் செய்தால் அந்தப் பருவத்துக்கு அது முழுப் பயன் தராது.

பலர் செய்யும் தவறு, ஊர் முழுக்க ஆங்காங்கே கைக்குக் கிடைத்த பத்து நாய்களைப் பிடிப்பது. ஒரு தெருவில் இரண்டு பெட்டை மிச்சம் இருந்தாலும் அடுத்த ஆண்டு பத்துக் குட்டி. அதைவிட ஒரு தெருவை எடுத்து அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. முதலில் கணக்கு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அடுத்தடுத்து இரண்டு நாள், ஒரே வழியில் நடந்து எண்ணுங்கள். ஆணா, பெட்டையா, காதில் வெட்டு (கருத்தடை ஆனதன் அடையாளம்) உண்டா, பால் கொடுக்கிறதா என்ற நான்கையும் குறித்து, இரண்டு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். குப்பத்து நாய்க்கும் உணவகத்து நாய்க்கும் தனித்தனி எல்லை உண்டு. சில நூறு அடி தள்ளி இறக்கிவிட்டாலும் மற்ற நாய்கள் குதறிவிடும். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் இதுதான்.

பிடிக்கிற ஆள், தினமும் சோறு வைக்கிற ஆளாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரம் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல். பிறகு கையால் தூக்கிக் கூண்டில் வைக்கலாம். மிரளும் நாய்க்குப் பிடியுள்ள வட்ட வலை போதும். கழுத்தை இறுக்கும் சுருக்குக் கம்பி வேண்டாம். ஒரு நாயை அப்படிப் பிடிப்பதைப் பார்த்த மற்ற நாய்கள் அந்த வண்டியை மறக்காது.

வயிறு நிறைந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். வளர்ந்த நாய்க்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவு கூடாது. சுற்றுலா ஊரில் இதுதான் பெரிய சிக்கல், ராத்திரி பதினொரு மணிக்கும் யாராவது வறுத்த மீன் போடுவார்கள். காலையில் பிடித்து அன்றே அறுவைக்கு அனுப்பாதீர்கள். முந்தின நாள் பிடித்து, இரவு கூண்டில் தண்ணீர் மட்டும் வைத்து, மறுநாள் அறுவை. அறுவைக்குச் சென்னைக்குக் கொண்டுபோவதானால் ஈ.சி.ஆர். வழியாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வெயில் ஏறிய பிறகு மூடிய வண்டியில் ஏற்றினால் அறுவைக்கு முன்பே வெப்ப அதிர்ச்சி வந்துவிடும்.

அறுவைக்குப் பின் நான்கைந்து நாள் காப்பகத்தில் இருப்பது ஆடம்பரமல்ல. கடற்கரை மணல் தையலுக்குள் போனால் நக்கி நக்கிப் பிரித்துவிடும். விடுவதற்கு முன் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். தையலின் கீழ் எலுமிச்சம்பழம் அளவு மெத்தென்ற வீக்கம் இருந்தாலும் அன்று விடக்கூடாது. நீர் கோத்திருக்கலாம், உள் தையல் விட்டுக் குடல் இறங்கியும் இருக்கலாம்.

பிறப்புறுப்பில் இரத்தம் சொட்டும் நாயைப் பார்த்து வண்டியில் அடிபட்டது என்று பயணிகள் பதறுவார்கள். பெட்டை பருவத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் சொட்டினால், பூக்கோசுபோலச் சதை தெரிந்தால், இணை சேரும்போது தொற்றும் கட்டியாக இருக்கலாம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் மருத்துவர் போட்டால் பெரும்பாலும் குணமாகும். கட்டி சுருங்கியதும் நடுவில் நிறுத்திவிடக்கூடாது.

பூனை வேறு கணக்கு. நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து இரண்டு மூன்று நாள் உள்ளே தீனி வைக்க வேண்டும். பிடிக்கும் நாளில், மிதித்தால் கதவு விழும் பலகைக்கு அப்பால் இரண்டு துண்டு மத்தி மீன் மட்டும், வாசலில் எதுவும் சிந்தக்கூடாது. கதவு விழுந்த அடுத்த நொடி துணியால் மூடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். பெண் பூனை என்றால் காம்புகளைப் பாருங்கள். சுற்றிலும் முடி நனைந்து, சப்பி மொழுமொழுவென்று இருந்தால் எங்கோ படகுக்கு அடியில் குட்டிகள் காத்திருக்கின்றன. அதை உடனே விட்டுவிட்டு, குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கியதும் பிடிக்கலாம்.

காது வெட்டு கருத்தடை ஆனதை மட்டுமே சொல்லும். இந்த ஆண்டு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று சொல்லாது. அதற்குப் படமும் தேதியும் உள்ள பதிவேடு வேண்டும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால்தான் நோய் பரவும் சங்கிலி அறும். கடி பட்டவர் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. மறுநாள் ஊர் திரும்பும் பயணி, மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு மீதியைத் தன் ஊரில் போட்டுக்கொள்ளலாம்.

பயணிகளிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். பிஸ்கட்டும் மிளகாய் தடவிய மீனும் வேண்டாம், பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரை எடுக்கும். அதைவிட முக்கியம், கடற்கரைக் குட்டியை மூன்று வாரம் அறையில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறாதீர்கள். தெருவைக் கற்க வேண்டிய வயதில் மெத்தையில் தூங்கிய குட்டி, பிப்ரவரியில் வண்டிக்குக்கூட ஒதுங்கத் தெரியாமல் நிற்கும். குட்டிக்குச் செலவிடும் பணத்தில் அதன் தாய்க்குக் கருத்தடை செய்யலாம்.

தை பிறந்தால் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும். நாய்கள் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டும். ஜனவரி தொடங்கி முட்டைகள் பொரித்து முடியும் வரை, சோறு வைக்கும் இடத்தை மணலிலிருந்து ரோட்டுப் பக்கம் தள்ளி, குழந்தைகள் விளையாடாத மூலையாகப் பார்த்து மாற்றுங்கள். இருட்டும் முன் வைத்து, தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்த நாய் இரவில் அலைவாய்ப் பக்கம் போவது குறையும்.