வட்டமாக ஒன்றும் இல்லையே, தம்பி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் அங்கிள்தான். இங்கே மொபேனி என்ற தொழிற்பேட்டையில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் ஒரு கிடங்கின் சூப்பர்வைசரை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர். தமிழ் வம்சாவளி. பேச்சு முழுக்க ஆங்கிலம்தான் என்றாலும் பாட்டியிடம் கேட்ட சில சொற்கள் இன்னும் நாக்கில் இருக்கின்றன. அதில் ஒன்று தம்பி.

2023இல் ஒரு மாலை, லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவரிடமிருந்து போன். ஸ்கேனர் ஒன்றும் வேலை செய்யவில்லை, வாசலில் லாரி நிற்கிறது என்றார். கருவிகளை அடுக்கியிருக்கும் ரேக்கில் யுபிஎஸ் போட்டிருக்கிறோம், கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, ரவுட்டர்தான் ஹேங் ஆகியிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நெட்வொர்க் படத்தைப் பிரிண்ட் எடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். "அதில் வட்டமாக இருப்பதுதான் ரவுட்டர், அங்கிள். ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டார்ச்சோடு ரேக்குக்குள் தலையை விட்டிருப்பார். பிறகு, "எல்லாம் பெட்டியாகத்தான் இருக்கிறது. வட்டமாக ஒன்றும் இல்லையே, தம்பி."

படித்த காலத்திலிருந்து ரவுட்டர் என்றால் எனக்குக் கண்ணில் வருவது, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் படங்களில் வரும் அந்த வட்ட வில்லை. மேலே நான்கு அம்புகள், இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. ஸ்விட்ச் என்றால் சதுரப் பெட்டி. ஃபயர்வால் என்றால் செங்கல் சுவர். அவை அந்தக் கருவி செய்யும் வேலையைச் சொல்லும் சின்னங்கள், உருவத்தைச் சொல்பவை அல்ல. ரேக்குக்குள் எல்லாமே 19 அங்குல அகலம், 1.75 அங்குல உயரத்தில் ஒரே மாதிரித் தட்டைப் பெட்டிகள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். படத்தை இன்னொருவர் கையில் டார்ச்சோடு பார்ப்பார் என்பதுதான் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அந்தப் படத்துக்கு ஐகான் தேர்ந்தெடுக்க மட்டும் அரை நாள் செலவழித்திருந்தேன். விசியோ என்ற வரைபட மென்பொருளில் தொடங்கி, அப்புறம் டிரா.ஐஓ என்ற இன்னொன்றுக்குப் போனேன். சிஸ்கோ தன் ஐகான்களை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றக் கூடாது என்கிறது. எனக்கோ கருவிக்கு ஒரு நிறம் கொடுக்க ஆசை. யோசித்து யோசித்து நிறத்தைக் கோடுகளுக்குக் கொடுத்தேன்: முக்கிய இணைப்பு பச்சை, மாற்று இணைப்பு சிவப்பு. கிடங்கில் இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர். இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்தன. இப்போது மாற்று இணைப்பு என்றால் விட்டு விட்டு வரும் கோடு, அவ்வளவுதான்.

வேறு குளறுபடிகளும் உண்டு. மென்பொருள் பிரிவில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, சின்னக் கிடங்குக்கு எதற்கு இரண்டு டேட்டாபேஸ் என்று கேட்டார். அவர்கள் உலகத்தில் உருளை என்றால் டேட்டாபேஸ். என் ரவுட்டரும் பக்கவாட்டில் பார்த்தால் குட்டை உருளைதான். வெளியே போகும் லைனைப் பழைய சீரியல் இணைப்பு வழக்கத்தில் மின்னல் போல வளைத்து வரைந்திருந்தேன். எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்து, இதற்குள் ஹை வோல்டேஜ் போகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ரேக்கில் கை வைத்தார். அது ஃபைபர், ஒளி போகும் கண்ணாடி இழை. அதில் மின்சாரமே போகாது.

சரி, அன்று மாலைக்கு வருகிறேன். ரவுட்டரை எப்படியோ அடையாளம் காட்டி, ஆஃப் செய்து ஆன் செய்தும் இணைப்பு வரவில்லை. அப்போது அங்கிள் கேட்டார்: "சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அது படத்தில் எங்கே?"

அது ஓஎன்டி. ஃபைபர் வந்து இறங்கும் பெட்டி. என் படத்தில் அது, வெளி நெட்வொர்க்கைக் குறிக்கும் மேகச் சின்னத்துக்குள் இருந்தது.

மேகம் வரைவது சுகமான வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு அக்கறையில்லை, அது வேறொருவர் பொறுப்பு என்பதுதான் அந்தச் சின்னத்தின் பொருள். இங்கே ஃபைபர் போடும் நிறுவனம் ஒன்று, அதன்மேல் இன்டர்நெட் விற்கும் நிறுவனம் இன்னொன்று. இரண்டையும் ஒரே மேகத்தில் அடைத்தேன். ஓஎன்டி அவர்கள் சொத்துதானே என்று அதையும் உள்ளே தள்ளிவிட்டேன். சொத்து அவர்களுடையது, பிளக் சொருகியிருந்தது எங்கள் சுவரில். அதுவும் யுபிஎஸ் இல்லாத சாதாரண சாக்கெட்டில். சரக்குக் கணக்கு மென்பொருள் ஓடும் இடத்தையும் இன்னொரு மேகமாக வரைந்திருந்தேன். தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போபியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்த நாடு இது. தனிநபர் தகவல் நாட்டைவிட்டு வெளியே போவதற்கு அதில் நிபந்தனைகள் உண்டு. வாடிக்கையாளரின் வக்கீல் அந்த மேகத்தில் விரலை வைத்து, "இது எந்த ஊர்?" என்று ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அங்கிள் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வெள்ளைப் பெட்டிக்குக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் ஸ்கேனர்கள் உயிர்பெற்றன.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ரேக் கதவைத் திறந்தேன். என் படத்தில் பால்பாயின்ட் பேனாவால் திருத்தங்கள். மேகத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சதுரம், பக்கத்தில் மூன்று வட்டங்கள்: மேலே பெரிதாக ஒன்று, கீழே சின்னதாக இரண்டு. இந்த நாட்டின் பிளக். நம்மூரில் கீசருக்கும் ஏசிக்கும் போடுவோமே, அந்தத் தடித்த மூன்று கால் 15 ஆம்ப் பிளக் போலவே இருக்கும். ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் அந்த மூன்று வட்டம் இருந்தது. யுபிஎஸ்ஸில் இருப்பவற்றுக்கு மட்டும் சுற்றி ஒரு கோடு.

நான் தேடிய எந்த ஐகான் தொகுப்பிலும் அப்படி ஒன்று இல்லை. அதே அளவில் வரைந்து என் ஸ்டென்சிலில், அதாவது வரைய வைத்திருக்கும் ஐகான் தொகுப்பில், சேர்த்துக்கொண்டேன். பெயர் கேட்ட இடத்தில் 'அங்கிள் பிளக்' என்று அடித்தேன்.