அப்பாவின் மொரிஸ் மைனருக்குப் பழைய பெயின்ட்டையே மீட்டெடுத்த அனுபவம்

பொனட்டின் முன் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போய், அடியில் பிரைமர், அதாவது கலருக்கு முன்னால் பூசுகிற அடிப்படை, தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் கட் அண்ட் பொலிஷ் பண்ணக் கொடுத்தேன், புது வாகனத்துக்குப் பிடிக்கிற மாதிரியே கம்பளி பஃபையும் கரகரப்பான கட்டிங் பேஸ்ட்டையும் வைத்து மெஷினை ஓட்டிவிட்டார்கள். கார் பளபளவென்றுதான் வந்தது. ஆறு மாதத்தில் மறுபடி வெளுத்துப்போனது, போன விளிம்பு மட்டும் போனதுதான். அதற்குப் பிறகு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டு, இந்த வருடம் மழையில்லாத பெப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவில் எங்கள் வீட்டுக் கராஜில் வைத்து நானே செய்தேன்.

கார் 1964 மொரிஸ் மைனர், 1098 சிசி, அல்மண்ட் கிரீன். அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தபோது ஒரு துரையிடம் வாங்கியது. ஃபுல் பெயின்ட் அடித்துவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. புதுப் பெயின்ட் எந்த நாளும் அடிக்கலாம், கார் பிறந்தபோது அடித்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

இன்றைய கார்களில் கலருக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படை இருக்கும். அந்தக் காலத்து மைனரில் அது கிடையாது, கலரேதான் மேல்படை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் டிக்கி மூடிக்குக் கீழே மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், துணியில் கலர் ஏறினால் கிளியர் கோட் இல்லை. எனக்குத் துணி பச்சையாக வந்தது. மலையில் குளிர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் கூடும். அது பெயின்ட்டைப் பிடித்துவைத்திருக்கிற பசையை மெல்ல மெல்ல அழித்து நிறத்தூளை மட்டும் மேலே விட்டுவிடுகிறது, கை வைத்தால் வெண்கட்டித் தூள் மாதிரி ஒட்டுவது அதுதான்.

பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். கூரையில் 110 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொனட் நடுவில் 70, மடிப்பு வருகிற இடத்தில் 50க்கும் கீழே. இதில் பிரைமரும் சேர்த்தி. முன்பக்க இடது மட்காட்டில் மட்டும் 300க்கு மேல் காட்டியது, அது எப்போதோ அடிபட்டு டிங்கரிங் பண்ணி அடித்தது. இப்படி ஒரு தடவை அளந்துவிட்டால் எங்கே கையை வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று தெரிந்துவிடும்.

கழுவுவதற்குக் கார் ஷாம்பூ மட்டும், அதுவும் நிழலில். ஜன்னல் ரப்பர் ஓரத்தில் பிடித்திருந்த பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னவரும் உண்டு, தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவரும் உண்டு. இரண்டும் வேண்டாம். ஒன்று காய்ந்த பெயின்ட்டை இன்னும் காயவைக்கும், மற்றது தூசியை எல்லாம் இழுத்து ஒட்டவைக்கும்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். ஹட்டனில் ஒரு வயதான பெயின்ட் பாஸ், அதாவது பெயின்ட் அடிக்கிற கைவினைஞர், காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தேய்க்கிற சாமான் இல்ல, மொதல்ல ஊற வைக்கணும்" என்றார். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த மெகுவயர்ஸ் நம்பர் 7 கிளேஸ் கையில் இருந்தது. அதில் அரைக்கிற தூள் எதுவும் கிடையாது, எண்ணெய்ப் பசைதான். பழைய பருத்தித் துவாயைக் கைக்கு அடக்கமாக மடித்து, கிளேஸைத் தாராளமாக ஊற்றி, ஒரு நேரத்தில் இரண்டடி இடத்தை மட்டும் எடுத்துத் தோள் வலிக்கும்வரை தேய்த்தேன். துவாயின் முடிகளே செத்த தூளைத் தூக்கிக்கொண்டு வந்தன. பிறகு இன்னொரு படை கனமாகப் பூசி, துடைக்காமல் இரவு முழுக்க விட்டேன். காலையில் வந்து துடைத்தபோது கதவின் மேல்பாதி, அப்பா பின்னேரங்களில் முழங்கையை ஊன்றி நிற்கிற இடம், ஈரத் தேயிலை இலை மாதிரி கறுத்த பச்சையாக இருந்தது. காய்ந்த கல்லில் தண்ணீர் பட்டால் நிறம் எடுக்கும் இல்லையா, அதேதான் இங்கேயும் நடக்கிறது, தூளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. கூரைக்கு இதையே மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போடவே கூடாது. கையுறை போடுங்கள், பச்சை ஏறிய துணிகளை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நான் துணிகளைத் தனிப் பையில் கட்டி வீசினேன்.

மெஷினைக் கூரையிலும் பொனட் நடுவிலும் மட்டும்தான் பிடித்தேன், ஆட்டிச் சுழற்றுகிற டூயல் எக்‌ஷன் மெஷின், மெதுவான ஸ்பீட், மிருதுவான ஸ்பொஞ்ச் பேட், இருப்பதிலேயே நைசான பொலிஷ். மடிப்பு, விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் நிறுத்திவிடுவேன். கீறல் எல்லாம் போகவில்லை, போகவைக்கவும் இல்லை. கடைசியில் கார்னௌபா என்கிற பனை வகை மரத்தின் இலையிலிருந்து எடுக்கிற மெழுகை மெல்லிசாகப் பூசினேன். எண்ணெய் உள்ளே நிற்க வேண்டுமானால் மேலே மெழுகு வேண்டும். சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள், பின்னொரு நாள் டச்சப் பண்ணப் போனால் பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் மாதிரி குழி குழியாக விழும்.

மூடி வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நான் பிளாஸ்டிக் தறப்பாள் போட்டு மூடுவேன். எங்கள் பக்கத்துப் பனிக்கு அது உள்ளே வியர்த்து, ஈரம் பெயின்ட் மேலேயே நின்று, டிக்கி மூடியில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்துவிட்டது. இப்போது கூரைக்குக் கீழே, பருத்தித் துணி மட்டும்.

பொனட் விளிம்புக்கு அந்த பாஸ் கலர் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் பிரைமர் தெரிகிற கோட்டை மட்டும் தொட்டுக் கொடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் புதுப் பச்சை தனியாகத் தெரியும். அதைச் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, சுற்றியிருப்பது பழையது, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.