திண்ணையில் எரிந்த குண்டு பல்பு

நேற்று பாலக்கோட்டில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். நன்றாக விடிந்த பிறகும் திண்ணையில் 60 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கப் போனால், "இருக்கட்டும் விடம்மா, 100 யூனிட் இலவசம்தானே" என்கிறார்.

இந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. நமக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் பக்கத்து மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியத்தானே செய்கிறது!

கணக்குப் போட்டுக் காட்டினேன். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் அது 18 யூனிட் குடித்துவிடும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 3 யூனிட்கூட ஆகாது. குண்டு பல்பில் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் சரி, திண்ணைக்கு எதற்கு?

2023 ஜனவரியில் சீலிங் ஃபேனுக்கு, மின்சாரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமானபோதும் எங்கள் தெருவில் இதே முணுமுணுப்புதான்: "விலையை ஏற்றத்தான் சட்டம்." விலை கூடினால் கை கடிக்கும், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் 75 வாட் இழுக்கும் பழைய ஃபேன் கோடை முழுக்க இரவு பகலாகச் சுற்றுகிறதே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

திண்ணை பல்பை மாற்றப் பெரியப்பா சம்மதித்துவிட்டார். மாட்டுக்கொட்டகை பல்பு இன்னும் பாக்கி.