ஆண்டவரிடம் சொல்லியாயிற்று

ஏப்ரல் 11, 2025, வெள்ளி
பாளையங்கோட்டை

பையன் டியூஷன் பணம் 1,200 ரூபாய் கேட்டான். "திங்கட்கிழமையே பீரோவில் வைத்தேனே" என்றேன். "அங்கே இல்லையப்பா" என்றான். என் தம்பி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் முன்னிலையில், "பொய் சொல்ல எப்போது பழகினாய்?" என்று கேட்டுவிட்டேன். பதினான்கு வயதுப் பையன். அழவில்லை, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஏப்ரல் 12, சனி

பைக் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் மெக்கானிக் கொடுத்த ரசீது. தேதி 7, திங்கள். தொகை 1,150 ரூபாய். பீரோவில் வைத்ததும் நான், எடுத்துக்கொண்டு போனதும் நான்.

மாலையில் அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்து ஆண்கள் மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான். என் அப்பா இன்னும் சிக்கனம். அடித்த அன்று இரவு தம் தட்டிலிருக்கும் மீன் துண்டை என் தட்டுக்கு மாற்றுவார். மற்றதை நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். பையன் அல்வாவைத் தொடவில்லை. பொட்டலத்தில் நெய் ஊறிக் கிடக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இரவுக் குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, என் வார்த்தையால் யாருக்காவது மனவருத்தம் உண்டாகியிருந்தால் மன்னியும்" என்றேன். குரல்கூடச் சற்றுத் தழுதழுத்தது. கடனை அடைத்துவிட்ட நிம்மதியோடு எழுந்தேன்.

பாயைச் சுருட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: "ஆண்டவரையா பொய்யன் என்றீர்கள்?"

'யாருக்காவது', 'உண்டாகியிருந்தால்'! அலுவலகத்தில் விளக்கக் கடிதம் எழுதிப் பழகிய புத்தி ஜெபத்திலும் விடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. பரீட்சை நேரம், படிக்கட்டும் என்று ஒரு சாக்கு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மாலை ஆராதனை. யோவான் 13, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதி வாசிக்கப்பட்டது. எனக்கோ மத்தேயு 5:23தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்." இத்தனை வருடங்களாக, எனக்கு யார்மீதாவது குறை இருந்தால் என்றே அதைப் படித்திருக்கிறேன். வசனம் சொல்வது நேர் எதிர். குறை அவனுக்கு; காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் அவனோடு ஒப்புரவாக எழுந்து போக வேண்டியவன் நான்.

திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. மனைவி போனாள். பையன் திருவிருந்தில் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்கை இன்னும் பெறாதவன், பெஞ்சிலேயே இருந்தான். நானும் எழவில்லை.

"நீங்கள் போகவில்லையா?"

"அந்தப் பணத்தை எடுத்தது நான், பைக் சர்வீஸுக்கு. உன்னைப் பொய்யன் என்றது தப்பு. மன்னித்துக்கொள், தம்பி."

பாட்டுப் புத்தகத்தின் முனையை மடித்து மடித்து நிமிர்த்தினான். "தெரியும். சனிக்கிழமை பைக் துடைக்கும்போது ரசீதைப் பார்த்தேன்."

ஐந்து நாள் தெரிந்தே இருந்திருக்கிறான். அல்வா, ஜெபம், தழுதழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

"சித்தப்பாவுக்குத்தான் தெரியாது" என்றான்.

கடைசி வரிசையோடு போய் முழங்காலிட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மதியம் தம்பி வீட்டார் வந்தார்கள். லெந்து நோன்பு முடிந்து, நாற்பது நாள் கழித்து வீட்டில் கறி மணம். பிரியாணி பரிமாறும்போதே சொல்லிவிட்டேன்; தள்ளிப்போட்டால் வாய் வராது. தம்பி சிரித்தான். "பிள்ளைகளிடம் போய் இதையெல்லாமா அண்ணே?" அவன் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். அவன் தயிர்ப்பச்சடி கேட்டான்.

கை கழுவும்போது பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, அந்த 1,200 ரூபாய் இன்னும் தரவில்லை."