டெக்ஸ்டைல், மிக்ஸ்டு மீடியா போர்ட்ஃபோலியோ பண்றவங்களுக்கு: சாம்பிளை வெளிய எடுத்து வைங்க

ஜூனியர்ஸ் கேக்குற முதல் கேள்வியே காலேஜ்ல சேர கொண்டு போற போர்ட்ஃபோலியோல (நம்ம வேலைகளோட தொகுப்புல) எத்தனை பீஸ் வைக்கணும்ங்கறதுதான். அது காலேஜுக்கு காலேஜ் மாறும், விண்ணப்ப விதியிலயே போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க. டெக்ஸ்டைல்னு வந்துட்டா பாக்குறவங்க முக்கியமா தேடறது, ஒரு சாம்பிள்ல (செஞ்சு பாத்த சோதனைத் துண்டுல) இருந்து அடுத்த சாம்பிளுக்கு நீங்க எப்படி போனீங்கங்கறதத்தான். என்னோடது உருப்படியா ஒரு வடிவத்துக்கு வந்ததே அந்த துண்டுத் துணிங்களை வரிசைப்படுத்தி மெயின் பக்கத்துலயே வச்ச பிறகுதான்.

நான் எடுத்த விஷயம் கிழிசலும் ஒட்டும். தீம்னு பெரிய வார்த்தையா, நினைவு, அடையாளம், காலம்னு எடுத்தா கையில என்ன செய்யறதுன்னே தெரியாது, ஆனா கிழிஞ்ச துணியை கண்ணு கிட்ட வச்சு பாத்தா வேலை தானா ஆரம்பிச்சுடும். தேஞ்சு போன பருத்தித் துணில பாவு நூல் (நீளவாக்குல ஓடறது) அறுந்து போய் ஊடை நூல் (குறுக்குவாக்குல ஓடறது) மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்க நிக்கும். அதை முதல்ல பென்சில்ல பெருசா வரைஞ்சேன், அப்புறம் புதுத் துணில நானே ஊசி முனையால பாவு நூலை ஒவ்வொண்ணா உருவி அதே இடைவெளியை கொண்டு வந்தேன், அதுக்கப்புறம் அதையே பேப்பர்ல செய்ய முடியுமான்னு பாத்தேன். பேப்பர்ல தையலை நெருக்கிப் போட்டா ஊசி ஓட்டை வரிசையிலயே அது பிஞ்சு வந்துடும், பின்னாடி மெல்லிசா ஒரு துணி ஒட்டிட்டு தைச்சா தாங்கும். ஆனா பிஞ்சு வந்ததும் கிழிசல்தானே, அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன்.

அடுத்தது எனக்கு ரொம்ப பிடிச்ச சாம்பிள். மெல்லிய பருத்தித் துணில கம்பளி நூலால வரிசை வரிசையா ஓட்டுத்தையல் போட்டு வெந்நீர்ல சோப்பு போட்டு நல்லா கசக்கினா கம்பளி சுருங்கும், பருத்தி அந்த அளவுக்கு சுருங்காது, அதனால தையலுக்கு நடுவுல துணி மேல எழும்பி தழும்பா நிக்கும். தையல் நெருக்கமா இருக்கிற இடத்துல இறுக்கமான மடிப்பு, தள்ளி இருக்கிற இடத்துல தளர்வான அலை. (சுருங்காத மாதிரி பதப்படுத்தின கம்பளி நூலும் விக்குது, அதுல இது வராது, லேபிள் பாத்து வாங்குங்க.) இதுக்கப்புறம் ஒட்டு போடறதுன்னா மூடறதுன்னு மட்டும் நினைக்காம, ஒட்டே துணியை இழுத்து வடிவத்தை மாத்தும்ங்கற எண்ணம் வந்துச்சு, மொத்த போர்ட்ஃபோலியோவும் அங்கதான் திரும்புச்சு.

ஒவ்வொரு சாம்பிள் பக்கத்துலயும் அன்னிக்கே எழுதி வைங்க: என்ன துணி, என்ன நூல், என்ன செஞ்சேன், என்ன ஆச்சு, அடுத்து எதை மாத்தணும். "இந்த டெக்ஸ்ச்சர் அழகா வந்திருக்கு"ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. துணி என்னன்னே தெரியலைன்னா ஓரத்துல ஒரு நூலை எடுத்து இடுக்கியில பிடிச்சு எரிச்சு பாருங்க, பருத்தி பேப்பர் எரியற வாசனையில சாம்பலாகும், பட்டும் கம்பளியும் முடி கருகின வாசனை வரும், பாலியஸ்டர் உருகி கெட்டி மணியா உறைஞ்சுடும். இது தெரியாம சாயத்துல கை வைக்காதீங்க, ஏன்னா பருத்திக்கு ரியாக்டிவ் சாயமும் சோடா ஆஷும், கம்பளிக்கும் பட்டுக்கும் ஆசிட் சாயமும் சூடும் வேணும், பாலியஸ்டருக்கு இது ரெண்டும் சரியா பிடிக்காது. இயற்கைச் சாயம்னா, சாயம் துணியில பிடிக்கறதுக்கு போடற படிகாரத்தை துணியோட காய்ஞ்ச எடைக்கு சுமார் 15 சதவீதம்னு வச்சு ஆரம்பிக்கலாம். கடுக்காய் தண்ணில நனைச்ச துணி இரும்புக் கரைசல்ல விழுந்ததும் சாம்பல் கறுப்புக்கு போறதை பாத்தா விடவே மனசு வராது, ஆனா இரும்பு அதிகமானா நாளாக நாளாக துணி நைஞ்சு போகும், அளவா போடுங்க. சயனோடைப் (வெயில் பட்டு நீலமா பதியற பிரிண்ட்) பண்றவங்க கவனிங்க, ஜான் ஹெர்ஷல் 1842ல கண்டுபிடிச்ச முறை அது, துணிலயும் நல்லா வரும், ஆனா காரத்தன்மை உள்ள டிடர்ஜெண்ட்ல துவைச்சா நீலம் வெளிறிடும்.

ஆர்ட்டிஸ்ட் ரிசர்ச் பக்கத்துல வாழ்க்கை வரலாறு எழுதி நிரப்பறது வீண் வேலை. அவங்க எடுத்த ஒரே ஒரு முடிவைப் பிடிங்க. ஆனி ஆல்பர்ஸ் 1922ல ஜெர்மனியோட டிசைன் பள்ளியான பௌஹௌஸ்ல சேந்து நெசவுக்கு வந்தவங்க, டைப்ரைட்டர் எழுத்துக்களை அடுக்கியே நெசவு மாதிரி பரப்பை உருவாக்கி பாத்திருக்காங்க. அதைப் பாத்துட்டு துணி வரையறதுக்கு பென்சில்தான் வேணும்னு இல்லைன்னு நான் ரப்பர் ஸ்டாம்ப்ல ஒரு பக்கம் முழுக்க செஞ்சேன். கானா நாட்டு சிற்பி எல் அனட்சுய் பாட்டில் மூடிகளை தட்டையாக்கி செம்புக் கம்பியால கோத்து துணி மாதிரி தொங்க விடறாரு, ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் மடிப்பு மாறலாம். நம்ம நாட்டு சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் கயிறை சாயம் தோய்ச்சு முடிச்சு போட்டு போட்டே ஆள் உயர சிற்பம் பண்ணாங்க. இவங்ககிட்ட இருந்து எடுக்க வேண்டியது செய்முறையை, உருவத்தை அப்படியே காப்பி அடிச்சா உடனே தெரிஞ்சுடும்.

போட்டோ விஷயத்துல பலபேர் அலட்சியமா இருக்காங்க, எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம், ஏன்னா மாசக்கணக்கா தைச்ச வேலை ஃபிளாஷ் போட்ட ஒரு போட்டோல சப்பையா போயிடுது. வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்து தாழ்வா விழணும், அப்பதான் தையல் மேடு பள்ளம் நிழலோட தெரியும். முழுசா ஓரம் தெரியற மாதிரி ஒண்ணு, ரொம்ப கிட்ட ஒண்ணு, அளவு புரியற மாதிரி கையோட ஒண்ணு. ஸ்கேனர் மேல போட்டு அமுக்காதீங்க.

நேர்ல கொண்டு போறதுன்னா சாம்பிளை பசை போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க, மெல்லிய துணில பசை ஊறி விறைச்சுப்போய் கறை தெரியும். மேல் ரெண்டு மூலையில மட்டும் நூலால தைச்சு விடுங்க, தூக்கிப் பாத்தா பின்பக்கம் தெரியணும். என்னோட இன்டர்வியூல எல்லாரும் முதல்ல தூக்கிப் பாத்தது பின்பக்கத்தைத்தான், முடிச்சு எங்க விழுந்திருக்கு, நூல் எப்படி தாவியிருக்குன்னு அங்கதான் தெரியும். அப்புறம் முடியாத வேலை ஒண்ணு இருந்தா குண்டூசி குத்தினபடியே கொண்டு போங்க, அடுத்து இப்படி பண்ணலாமா அப்படி பண்ணலாமான்னு ரெண்டு வழியையும் பக்கத்துலயே சின்ன சாம்பிளா செஞ்சு வச்சுட்டீங்கன்னா கேள்வி பெரும்பாலும் அதைச் சுத்தித்தான் வரும்.